ஜின் அண்ட் டானிக்கை மருந்துன்னு சொல்லாதீங்கப்பா!

டிஸ்கி: இது குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. குடிக்காதே என்று அட்வைஸ் பண்ணும் பதிவும் அல்ல. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், எங்கள் புதுச்சேரியில் 18. அதற்குக் கீழே உள்ள தம்பி தங்கைகள் போய் இன்கம்டாக்ஸ் பிராப்ளம் போட்டுப் பார்க்கவும். :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஜின் அண்ட் டானிக் என்று யாராவது பெயரை எடுத்தால் போதும், கூட்டத்தில் ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். "இது எப்படி வந்துச்சு தெரியுமா மச்சி? வெள்ளைக்காரன் இந்தியாவுல மலேரியா வந்து கொத்துக் கொத்தா செத்துக்கிட்டிருந்தான். குயினின் குடிச்சாத்தான் பொழைப்பான். ஆனா கசப்பு தாங்கல. அதான் ஜின்னை ஊத்திக் கலக்கிக் குடிச்சான். பாத்தா இது மருந்துடா!" சுற்றி இருப்பவர்கள் "ஓ, அப்படியா" என்று தலையாட்டுவார்கள். மருந்து என்று தெரிந்த பிறகு எல்லோருக்கும் இன்னொரு ரவுண்டு.

காக்டெய்ல் புத்தகங்களில் இருக்கிறது இந்தக் கதை. பார் மெனு அட்டையில் இருக்கிறது. நம் காலேஜ் வாட்ஸப் குரூப்பில் மாதம் ஒரு முறை வருகிறது. இதில் குயினின் உண்மை, மலேரியா உண்மை, வெள்ளைக்காரன் செத்ததும் உண்மை. மூன்றையும் ஒரே கிளாஸில் ஊற்றிக் கலக்கியதுதான் பொய். அந்தப் பொய்யால் இரண்டு கெடுதல் என்பது என் கட்சி. குடிக்கிறவனின் கணக்கைக் கெடுக்கிறது. பானத்தின் ருசியையும் கெடுக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம், பி.காம் புத்தி. :-)

டானிக் வாட்டரில் குயினின் லிட்டருக்கு 83 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. மலேரியாவுக்குக் குயினின் மாத்திரை கொடுத்தால் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 600 மில்லிகிராம், 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 7 நாள். அதாவது ஒரு நாளைக்கு 1800 மில்லிகிராம். கிளாஸுக்கு 90 மில்லி டானிக் என்றால் அதில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் குயினின். வகுத்துப் பாருங்கள். ஒரு நாள் மருந்துக்கு 240 கிளாஸ் வரும். கிளாஸுக்கு 30 மில்லி ஜின் வைத்தால் 7 லிட்டருக்கு மேல் ஜின், 21 லிட்டருக்கு மேல் டானிக். இதே போல ஏழு நாள் தொடர வேண்டும். மலேரியாக் கிருமி சாவதற்குள் நாம் முதல் நாள் மத்தியானமே போய்ச் சேர்ந்திருப்போம்.

டானிக்கில் குயினின் இருக்கிறதா என்றால் இருக்கிறது. கடைகளில் கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு இருக்குமே, அதை ஒரு கிளாஸ் டானிக் மேல் இருட்டில் அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிரும். குயினின் கரைசல் இப்படி ஒளிர்வதை ஜான் ஹெர்ஷல் 1845லேயே எழுதி வைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிய இத்தனூண்டு போதும், காய்ச்சலை விரட்டப் போதாது.

"அது இப்போ சார், அந்தக் காலத்துல ஸ்ட்ராங்கா இருந்திருக்கும்" என்பார்கள். அப்படியானால் அந்தக் காலத்துக்கே போவோம்.

சின்கோனா பட்டையிலிருந்து குயினினைத் தனியாகப் பிரித்தவர்கள் பெல்த்தியே, காவந்தூ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள், 1820ல். காய்ச்சல் வருவதற்கு முன்பே தினமும் குயினின் கொடுத்தால் காப்பாற்றலாம் என்பதை வில்லியம் பெய்க்கி என்ற கடற்படை மருத்துவர் 1854ல் ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றுப் பயணத்தில் காட்டினார். அந்த நாளில் குயினினை ஒயினில் கரைத்துக் கொடுப்பது வழக்கம். இந்தியாவில் சிப்பாய்க்கு ரேஷனாகக் கிடைத்த சாராயம் பெரும்பாலும் ரம், அரக்கு. ஜின் ரேஷன் சரக்கு அல்ல.

டானிக் வாட்டர் பிறந்ததும் இந்தியாவில் அல்ல, லண்டனில். எராஸ்மஸ் பாண்ட் என்பவர் 1858ல் காப்புரிமை வாங்கினார். பொதுவாக உடம்புக்குத் தெம்பு தரும் சோடா என்று விற்ற சரக்கு அது. ஷ்வெப்ஸ் கம்பெனி 1870 வாக்கில் தன் 'இந்தியன் குயினின் டானிக்'கைக் கொண்டு வந்தது.

அப்படியென்றால் ஜின்னும் டானிக்கும் எங்கே சேர்ந்தன? இதுவரை தேடியவர்கள் கண்டெடுத்த மிகப் பழைய அச்சுக் குறிப்பு 1868ல், இந்தியாவில் வெளிவந்த 'ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகஸின்' என்ற பத்திரிகையில். இடம் மருத்துவமனை இல்லை, ராணுவ முகாமும் இல்லை. குதிரைப் பந்தயம் முடிந்து கூட்டம் கலைகிறது, ஆட்கள் ஜின் அண்ட் டானிக் கேட்கிறார்கள். அவ்வளவுதான். கியூ தாவரவியல் பூங்கா 2019ல் வெளியிட்ட 'ஜஸ்ட் த டானிக்' என்ற புத்தகத்தில் கிம் வாக்கரும் மார்க் நெஸ்பிட்டும் இதையெல்லாம் தோண்டி எழுதியிருக்கிறார்கள். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதே 1897ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்த பிறகுதான் தெரியும். 1868ல் பந்தய மைதானத்தில் வெயிலில் காய்ந்தவன் ஜில்லென்று ஏதோ குடித்தான். நம்மூரில் மேட்ச் முடிந்து பன்னீர் சோடா குடிக்கிறோமே, அது மாதிரி.

நிற்க. குயினினுக்கு நிஜமாகவே ஒரு இந்தியக் கதை உண்டு. அது நம் நீலகிரியில் நடந்தது. அதை எந்த மெனு அட்டையும் சொல்வதில்லை.

சின்கோனா மரம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்களின் சொத்து. விதையை வெளியே விடாமல் அவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். 1860ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் பிரிட்டிஷார் செடியையும் விதையையும் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். ஊட்டி அரசுப் பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்ஐவர் அவற்றை வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் வந்தன. நடுவட்டம் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் சீனக் கைதிகளும் உண்டு. சிங்கப்பூர், பினாங்கு பக்கம் சிறையில் இடமில்லை என்று மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். விடுதலையான பிறகு சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறி போட்டுப் பிழைத்தார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909ல் எழுதியிருக்கிறார்.

காய்ச்சலில் கிடந்த சாதாரண ஜனங்களுக்கு மருந்து எப்படிப் போனது என்று பார்த்தால், 1890களில் வங்காளத்தில் தபால் ஆபீஸில் ஒரு பைசாப் பொட்டலமாகக் குயினின் விற்றார்கள். காகிதப் பொட்டலத்தில் வெறும் தூள், வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். ஜின்னும் இல்லை, எலுமிச்சைத் துண்டும் இல்லை. கைதியின் உழைப்பும் ஒரு பைசாப் பொட்டலமும் கதையிலிருந்து காணாமல் போய், தொப்பி போட்ட துரை வராந்தாவில் கிளாஸோடு உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் மிஞ்சியது எப்படி?

விற்பதற்கு அந்தப் படம்தான் தோது. ஒரு உதாரணம். 'பம்பாய் சஃபையர்' என்ற ஜின், பெயரைப் பார்த்தால் ஏதோ ராஜா காலத்துச் சரக்கு மாதிரி இருக்கும், லேபிளில் விக்டோரியா மகாராணி வேறு. அந்த பிராண்ட் வந்தது 1980களில். வடிப்பது இங்கிலாந்தில். பெயரில் இருக்கும் நீலக்கல்லோ இலங்கையில் தோண்டியெடுத்தது. பம்பாய்க்கும் அந்தப் பாட்டிலுக்கும் உள்ள சம்பந்தம் லேபிளோடு சரி. நான் குறை சொல்லவில்லை, மார்க்கெட்டிங் பேப்பரில் இதற்குத்தான் முழு மார்க். ஆனால் மார்க்கெட்டிங்கை மருத்துவம் என்று நம்பினால் எப்படி?

நம் ஆட்களிடம் இது இன்னும் சுலபமாக எடுபடுகிறது. கசந்தால் மருந்து என்பது நம் ரத்தத்தில் ஊறியது. நிலவேம்புக் கஷாயம், வேப்பம்பூ ரசம், பாகற்காய் என்று பழகிய நாக்கு. டானிக் கசக்கிறது, பெயரே 'டானிக்', சத்து மருந்து பாட்டிலில் போட்டிருக்கும் அதே பெயர். வேறென்ன வேண்டும்? 2020ல் கொரோனா வந்தபோது, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெயரைக் கேட்ட கையோடு டானிக் வாட்டர் குடித்தால் போதும் என்று வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள். அது ஆய்வகத்தில் செய்த வேறு மருந்து, குயினின் இல்லை. கொரோனாவை அதுவும் குணப்படுத்தவில்லை என்பது பிறகு தெரிந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தானே, எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

என் பெரியப்பா ஒருவர் தினமும் ராத்திரி பிராந்தி குடிப்பார். "நெஞ்சுக்கு நல்லது, டாக்டரே சொன்னார்" என்பது அவர் வாக்கு. எந்த டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பெரியம்மா குடிகாரர்களைக் கண்டாலே ஆகாதவர். ஆனால் இது மருந்தாயிற்றே! பிரஷர் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில்தான் பாட்டில் இருக்கும். இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் அவரே அளந்து ஊற்றிக் கொடுப்பார். மூடி பிறகு டம்ளர் ஆனது, ஒரு வேளை இரண்டு வேளை ஆனது. மருந்துதானே என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, "குடிப்பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். பெரியம்மா சத்தியமாகச் சொன்னார், "இல்லீங்க டாக்டர். மருந்துக்குத்தான் கொஞ்சம்." கல்லீரல் போய்விட்டிருந்தது. மூன்று மாதத்தில் அவரும் போய்விட்டார்.

பெரியம்மா பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டிருந்த பொய் அது.

எங்கள் அக்கவுண்ட்ஸ் பாடத்தில் முதல் வருடமே ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். வருவாயினச் செலவை முதலினச் செலவு என்று எழுதாதே. கடைக்குச் சுண்ணாம்பு அடித்த காசைக் கட்டடத்தின் மதிப்பில் ஏற்றினால் லாபம் பெரிதாகத் தெரியும், சொத்து கூடின மாதிரி இருக்கும், கம்பெனி உள்ளே புழுத்துக்கொண்டிருக்கும். மருந்து என்று சொல்லிக் குடிக்கிறவன் செய்வதும் இதுதான். செலவை முதலீட்டுப் பக்கம் எழுதுகிறான். முதலீடு என்றால் தினமும் போடலாம், கூடவும் போடலாம், பெண்டாட்டியும் சேர்ந்து போடுவாள். செலவு என்று எழுதினால்தான் எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தரம் என்ற கேள்வி வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது, உடம்புக்குப் பாதகமில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை. குயினினும் சாது இல்லை. சிலருக்கு ஒவ்வாமை இருந்தால் கொஞ்சம் டானிக்கே ரத்தத் தட்டணுக்களைச் சரித்துவிடும். 'காக்டெய்ல் பர்ப்யூரா' என்று மருத்துவ இதழ்களில் அதற்குப் பெயரே உண்டு. மருந்து என்று குடிக்கும் இரண்டில் இரண்டுமே மருந்தில்லை.

"அப்ப எதுக்குடா குடிக்கணும்?" நியாயமான கேள்வி. குடிக்காவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. குடிப்பதாக இருந்தால் அதற்கு ஒரே ஒரு யோக்கியமான காரணம்தான் உண்டு. ருசி. ருசிக்காக என்று ஒத்துக்கொண்டால் உடனே பொறுப்பு வந்துவிடும், ஒழுங்காகச் செய்ய வேண்டும். மருந்து என்றால் எப்படி இருந்தாலும் மூக்கைப் பிடித்து விழுங்கலாம். நம் ஆட்கள் கலக்கும் லட்சணத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அறைச் சூட்டில் இருக்கும் டானிக், இரண்டே இரண்டு ஐஸ் கட்டி, கண் அளவில் ஜின், மேலே அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஸ்பூனை விட்டுக் கடகடவென்று கலக்கு! இது கஷாயம் போடும் முறை.

வீட்டில் செய்வது எப்படி என்று சொல்கிறேன். காக்டெய்ல் இல்லை, ஹைபால் என்று திருத்த வருபவர்கள் கொஞ்சம் ஓரமாக நிற்கவும். :-)

அளவு: ஜின் 30 மில்லி, டானிக் 90 மில்லி. ஒன்றுக்கு மூன்று. பெக் அளவை வைத்து அளக்கவும், கண்ணை நம்ப வேண்டாம். நம்மூர் ஜின் பொதுவாக 42.8 சதவீதம். 30 மில்லியில் சுத்த ஆல்கஹால் சுமார் 10 கிராம். இந்த எண்ணை மனதில் எழுதிக்கொள்ளுங்கள், இதுதான் செலவு. 300 மில்லி டானிக் கேன் மூன்று பேருக்குச் சரியாக இருக்கும். தனியாளாகத் திறந்தால் மீதி வாயு போய் வீணாகும்.

குளிர்ச்சி: டானிக், ஜின், கிளாஸ் மூன்றும் முந்தின நாளே ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1 கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். 120 மில்லி பானம் 30 டிகிரியில் இருந்தால், அதைப் பூஜ்யத்துக்கு இறக்க 3600 கலோரி, அதாவது 45 கிராம் ஐஸ் உருகித் தண்ணீராகிக் கிளாஸிலேயே கலந்துவிடும். ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்கு வந்த பானத்துக்கு 7, 8 கிராம் போதும். முதல் கிளாஸில் நீங்கள் குடிப்பது கால்வாசிக்கு மேல் தண்ணீர். தவிர, சூடான சோடாவில் வாயு நிற்காது, ஊற்றும்போதே பொங்கிப் போய்விடும். ஐஸ் நிறையப் போட்டால் தண்ணியாகும் என்று பயந்து இரண்டு கட்டி போடுகிறோமே, அதுதான் சீக்கிரம் உருகும். கிளாஸ் நிரம்பப் போடுங்கள்.

ஊற்றுவது: ஐஸ், அதன் மேல் ஜின், பிறகு டானிக்கைக் கிளாஸைச் சாய்த்து ஓரமாக மெதுவாக. தானாகவே கலந்துகொள்ளும். ஸ்பூனால் அடியிலிருந்து ஒரு முறை தூக்கி விட்டால் போதும்.

எலுமிச்சை: பிழிய வேண்டாம். நம் எலுமிச்சை புளிப்பில் ராட்சசன், ஜின்னையும் டானிக்கையும் சேர்த்து அமுக்கிவிடும். தோலை மட்டும் ஒரு விரல் அகலம் சீவி, கிளாஸுக்கு மேலே திருகினால் எண்ணெய் தெறிக்கும். அந்த வாசனை போதும்.

இனி ருசி. முதலில் டானிக்கைத் தனியாக ஒரு வாய். முன்னால் இனிப்பு, பின்னால் கசப்பு. லேபிளைத் திருப்பிச் சர்க்கரை அளவைப் பாருங்கள், பல டானிக்குகளில் 100 மில்லிக்கு 8, 9 கிராம் இருக்கும். அந்தக் கசப்பை மறைப்பது ஜின் என்கிறார்களே, அந்த வேலையைச் செய்வது சர்க்கரை! ஜின் கசப்பை மறைக்காது. அடுத்து, ஒரு ஸ்பூன் ஜின்னில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மோந்து பாருங்கள். முதலில் வருவது ஜூனிபர், பைன் மரம் மாதிரி ஒரு வாசனை. அதன் பின்னால் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று வரும், கொத்தமல்லி விதை. ஆமாம், சாம்பாருக்கு அரைக்கிற அதே தனியா. பெரும்பாலான ஜின்களில் ஜூனிபருக்கு அடுத்த இடம் அதற்குத்தான். பிறகு சேர்த்ததைக் குடித்தால், ஜூனிபரும் கசப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, சர்க்கரை நடுவில் நின்று சமாதானம் செய்யும். காப்பியில் டிகாக்ஷனும் பாலும் மாதிரி. மெதுவாகக் குடித்தால்தான் தெரியும், மடக்கென்று விழுங்கினால் போச்சு.

ருசி பார்த்துக் குடிக்கிறவனுக்கு இன்னொரு லாபம், ஒரு கிளாஸோடு ருசி முடிந்துவிடும். இரண்டாவதில் நாக்கு மரத்துப் போகும், மூன்றாவதில் எந்தச் சரக்கும் ஒன்றுதான். ருசி தெரியாத கிளாஸுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

ஆகவே மக்களே, அடுத்த தடவை யாராவது கிளாஸைத் தூக்கிக்கொண்டு "இது ஆக்சுவலா மருந்து" என்று ஆரம்பித்தால் 240 என்ற எண்ணைச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது சளிக்கு ரம், நெஞ்சுக்கு பிராந்தி என்று அளந்து வைத்திருந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். பாட்டிலை மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். எத்தனை மில்லி, வாரத்துக்கு எத்தனை நாள் என்று காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். சண்டை வரும். வரட்டும்.

எனக்கு மறுப்பு எழுத வருபவர்கள் தாராளமாக வரலாம், திட்டவும் செய்யலாம். ஆனால் கணக்கோடு வரவும்.